சட்டையில் மிஞ்சிய மூன்று விரல்

1

“மேடம், உங்க கதையில அவன் அந்தப் படத்தை அவ்ளோ ஈஸியா கிழிச்சிட்டானா?”

“கதைதானே பாய். கடைசியில சந்தோஷமா முடியணும்னு...”

“கண்ணாடி போட்ட படத்தை எப்படி கிழிப்பான்? மொதல்ல ஆணி புடுங்கணும், அட்டையை எடுக்கணும். அதுக்குள்ள எவ்ளோ கோவம் இருந்தாலும் கம்மியாயிடும்.”

இந்தக் கதை அந்தப் பேச்சில் பிறந்தது. பேசியவர் ரியாசுதீன். திருவண்ணாமலை தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். 1998இல் அவர் மனம்விட்டுச் சொன்ன ஒன்றை நான் குடும்ப நாவலாக்கினேன். கடைசிப் பக்கத்தில் கணவன் ஒரு நடிகரின் படத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மனைவியை அணைத்துக்கொள்வான். பாயின் மனைவி பீபி ஜான் அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். பாய்க்கு அது பிடிக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து மீதியையும் சொன்னார். அதனால் திரும்ப எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மலையுச்சியில் தீபம் சுடர்விட, கன்னியம்மாளின் கண்களில் நீர்—’

வேண்டாம். அவளை அழவைத்தே பழகிவிட்டேன்.

இரண்டாம் முயற்சி. 1991. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டும் வேடியப்பன் கடைக்கு வந்தான். ரசிகர் மன்றச் செயலாளர். (நடிகரின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த வருடங்களில் உங்கள் வீட்டுச் சுவரில் யார் சிரித்துக்கொண்டிருந்தாரோ, அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.) ஒரு கையில் தன் கல்யாணப் போட்டோ, மறு கையில் பத்திரிகையிலிருந்து உருவிய நடிகர் படம்.

“பாய், தலைவரு பக்கத்துல நான் நிக்கற மாதிரி ஒட்டிக் குடு. மன்றத்துல மாட்டணும்.”

“கல்யாணப் போட்டோவாப்பா? வேற இல்லியா?”

“பட்டுச் சட்டையில நான் கீறது இது ஒண்ணுதான்.”

“அப்ப வீட்டம்மா?”

“அது இன்னா பாய், வீட்லயேதான கீது.”

ரியாசுதீன் பிளேடை எடுத்தார். மணப்பெண் கன்னியம்மாள், மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நின்றிருந்தாள். தோள், முந்தானை என்று இறங்கிவந்த பிளேடு முழங்கையருகே தயங்கியது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை எடுத்தால் சட்டையில் ஓட்டை விழும். மருதாணி வைத்த மூன்று விரல்களைப் பட்டுச் சட்டையிலேயே விட்டுவிட்டு, மற்றதை வெட்டினார். அவள் நின்ற இடத்தில் நடிகர் வந்து நின்றார்.

வெட்டிய பாதி மேசைமேல் கிடந்தது. கழுத்தில் புதுத் தாலி. அதைக் குப்பையில் போட அவருக்குக் கை வரவில்லை. நடிகரின் முதுகுக்குப் பின்னால் செருகி, அட்டையை மூடி ஆணி அடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

(என்னிடம் சொன்னார். நான் ஊருக்கே சொன்னேன். கன்னியம்மாள் நாவல் படிப்பவள் அல்ல என்பது என் அதிர்ஷ்டம்.)

3

இங்கே நான்கு பக்கக் கட்டுரை ஒன்று இருந்தது. அடித்ததுபோக மிஞ்சியது இவ்வளவுதான்:

ஒரு படம் எப்போது சாமியாகிறது? அச்சகத்தில் இல்லை. பாய் கடையில் முருகனும் நடிகரும் ஒரே காகிதக் கட்டுக்குள்தான் சுருண்டு கிடக்கிறார்கள். வீட்டில் ஒருத்தி அதைத் துடைத்துக் குங்குமம் வைக்கிறாளே, அப்போதுதான் ஆகிறது. ஆனபிறகு அதை வெளியே அனுப்புவது கஷ்டம். கண்ணாடி உடைந்த சாமி படங்களைக்கூட நாம் குப்பையில் போடுவதில்லை. கிரிவலப் பாதையில் ஏதாவதொரு மரத்தடியில் சாய்த்துவைத்துவிட்டு, குற்றம் செய்தவர்போல வேகமாக நடக்கிறோம்.

1995இல் மன்றம் கலைந்தது. கற்பூரம் காட்டிய படத்தை எங்கே வைப்பது? வேடியப்பன் வீட்டுச் சாமி அலமாரியில், அண்ணாமலையாருக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு அவனே சினிமா பார்ப்பதை விட்டுவிட்டான். படம் மட்டும் அங்கேயே இருந்தது. எட்டு வருடம், வெள்ளிக்கிழமைதோறும், கன்னியம்மாள் நடிகரின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

(‘தனக்குத் தெரியாமல் தனக்கே பொட்டு வைத்தாள்’ என்று நாவலில் எழுதினேன். பல வாசகிகள் பாராட்டிய வரி. இப்போது படிக்கக் கூசுகிறது.)

4

2003. படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. கணவனும் மனைவியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் செருகியது பாய்க்கு நினைவிருந்தது.

“வச்சிட்டுப் போங்கம்மா. நாளைக்கு வாங்க.”

“பத்து நிமிஷ வேலை. இருந்தே வாங்கிக்கினு போறோம் பாய்” என்றாள் கன்னியம்மாள்.

ஆணிகளைப் பிடுங்கினார். அட்டையைத் தூக்கியதும் அந்தப் பாதி நழுவி மேசையில் விழுந்தது. முகம் மங்கவே இல்லை. பன்னிரண்டு வருடம் இருட்டில் இருந்த படம்.

“நான்தாம்மா வெட்டினேன். குப்பையில போட மனசு வரல.”

கன்னியம்மாள் குனிந்து பார்த்தாள். “மன்றத்துல மாட்டின அன்னிக்கே என் விரலைப் பாத்துட்டேன் பாய். மத்தது எங்க போச்சின்னுதான் தெரியாம இருந்தேன்.”

வேடியப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “இவ்ளோ நாளும் பின்னாடியேவா இருந்த?” என்றான். பிறகு, பரிகாரம் கண்டுபிடித்தவன்போல, “பாய், இதையும் அந்தப் பக்கம் ஒட்டிடு. தலைவரு நடுவுல இருக்கட்டும். ஆனா... உசுரோட கீறவ படத்தைச் சாமிகிட்ட வைக்கக்கூடாதே” என்றான்.

“உங்க தலைவரு மட்டும் செத்தா பூட்டாரு?” என்றாள் கன்னியம்மாள்.

பாய் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். பிறகு உண்மையைச் சொன்னார். “பழைய போட்டோவாவே பண்ணலாம் வேடி. ஆனா பசை ரொம்ப இறுகிப்போச்சி. பிரிச்சா தலைவரு மூஞ்சி கிழிஞ்சிடும்.”

எட்டு வருடம் பொட்டு வைத்த முகம். வேடியப்பன் அதைத் தொடவில்லை.

5

மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன. அவன் கிழிக்கிறான், அதைத்தான் அச்சிட்டேன். அவள் நடிகரைக் கிரிவலப் பாதையில் உடைந்த சாமிகளோடு விட்டுவிட்டு வருகிறாள். இது பீபி ஜானுக்குப் பிடித்தது. கண்ணாடி மட்டும் மாற்றிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கும்.

மூன்றிலும் அவள் வாய் திறப்பதில்லை. பாய் ஒருமுறைதான் வெட்டினார். நான் அவள் பேசவேண்டிய இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு, என் வரிகளை ஒட்டிவந்திருக்கி—

போதும். அவள் பன்னிரண்டு வருடம் மனதில் வைத்திருந்ததை, பாய் காதால் கேட்டபடியே எழுதி நிறுத்திக்கொள்கிறேன். வேடியப்பனின் பதிலை எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

அவள் தன் பாதியைக் கையில் எடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

“ஏங்க, தீபத்தன்னிக்கு அர்த்தநாரியைப் பாக்கறதுக்கு என்னைக் கூட்டத்துல விட்டுட்டு முன்னால ஓடுவீங்களே, அதுல எடது பக்கம் யாருங்க? கிழிஞ்சா கிழியட்டும். உங்களை அவர்கிட்டேர்ந்து பிரிச்சி, என்கிட்ட ஒட்டச் சொல்லுங்க.”