உரப்பைக்குள் இருந்த குளிசை

நீர்வேலித் தோட்டத்தில் உரப்பையை அவிழ்த்தபோது, பெயர்ச்சீட்டு கிழிக்கப்பட்ட குளிசைப் போத்தல் ஒன்று நிரோசினியின் கையில் தட்டுப்பட்டது. மருந்துக்கடையில் காட்டினாள். எச்.ஐ.வி.க்குக் கொடுப்பது என்றார்கள்.

வாழைக்குலை வெட்டிக்கொண்டிருந்த கணவன் கஜீபனிடம் நேரே போனாள்.

“இது ஆரின்ரை குளிசை?”

அவன் அறைந்தான். விழுந்தவளின் கழுத்தை நெரித்தபடி, “ஆருக்கடி சொன்னனீ?” என்றான்.

அவள் கைக்கு மண்வெட்டி எட்டியது. அதன் பிடியால் அவன் நெற்றியில் ஓங்கி அடித்தாள். இரத்தம் கண்ணுக்குள் வழிய, அவன் குந்தியிருந்து அழுதான்.

“கலியாணத்துக்கு முதலே தெரியும். சொன்னால் நீ விட்டிட்டுப் போயிடுவாய்.”

“சொல்லியிருந்தால் இருந்திருப்பன்.”

அப்படியே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். தொற்று இல்லை.

“அவர் ஒழுங்காய்க் குளிசை போட்டிருக்கிறார். அதாலைதான் நீங்கள் தப்பினீங்கள்,” என்றார் கஜீபனின் பதிவைப் பார்த்த மருத்துவர்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கழுத்து இன்னும் எரிந்தது. அவள் தாய்வீட்டுக்குப் போனாள்.