மூன்றாவது நில்

அவள் எதையும் மூன்று தடவை சொல்வாள். வண்டி வருகிறது என்றால் மூன்று தடவை, வண்டி தாமதம் என்றாலும் மூன்று தடவை. ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அறிவிப்பாளர். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத ஜனங்களுக்குச் சொல்லிச் சொல்லி, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்று அவள் கூப்பிட்டால், எத்தனையாவது பிளாட்பாரத்துக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார்.

அவள் கணவர் நேர் எதிர். படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கண்ணாடி அறுக்கும்போது பேசினால் கை பிசகும் என்று வாயை மூட ஆரம்பித்தவர், அறுக்காதபோதும் திறக்க மறந்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்வார், அதையும் ஒரு தடவைதான் சொல்வார். காதில் விழுந்தவர்களுக்கு விழுந்தது, விழாதவர்களுக்குப் போயிற்று.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் வந்து சேர்ந்தது நாய்க்குட்டி. அவருடைய தங்கை வீட்டு நாய் போட்ட குட்டி. நாத்தனார் அதைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அண்ணி மடியில் வைத்தபோது மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. பொட்டலம் என்று பெயர் நிலைத்துப்போயிற்று.

அவளுக்குக் காலை வேலை. மதியம் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தால் பாதித் தூக்கம், பாதி விழிப்பு. அந்த நேரத்தில்தான் முன்னறைக் கண்ணாடிகளில் வெயில் ஏறும். பட்ட வெளிச்சம் கூடத்துச் சுவருக்கு வந்து, காற்றடித்த குளம் மாதிரி நடுங்கும். அவர் உள்ளே ஒரு கண்ணாடியைத் திருப்பினால் போதும், வெளிச்சம் சுவரை விட்டிறங்கித் தரையில் ஓடும். பொட்டலம் பின்னாலேயே ஓடும். அகப்பட்டது என்று முன்னங்கால் இரண்டையும் அதன் மேல் வைத்தால், வெளிச்சம் நோகாமல் அதன் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குட்டி தன் காலையே சந்தேகத்தோடு பார்க்கும். அரைக்கண்ணால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, வீடு தரையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பி நிற்பதாகத் தோன்றும்.

அந்த வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டுதான் ஒரு நாள் குட்டி பட்டறைக்குள் போய்விட்டது. அவர் நில் என்றார். அது நிற்கவில்லை. கண்ணாடிச் சில்லு ஒன்று பாதத்தில் ஏறிவிட்டது. சின்னக் காயம்தான், இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் தரையில் விழுந்த ரத்தப் புள்ளிகளைத் துடைத்த துணியை அவர் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு மாசம் பார்ப்போம். வாசப்படியில நிக்கக் கத்துக்கலேன்னா தங்கச்சிகிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம். எங்கேயாவது முழுக்காலோட இருக்கட்டும்."

அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியதிலேயே, மனசுக்குள் தீர்மானம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கதவைச் சாத்தினால் பட்டறையில் மூச்சு முட்டும். தட்டி வைத்து மறைத்தால், ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் கால் தடுக்கி விழுவார். அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இருபத்தாறு வருடமாக அவள் கூப்பிட்டு யாரும் அவளிடம் வந்ததில்லை. அவள் குரலைக் கேட்டதும் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ போவார்கள். அவள் குரலுக்கு அவளிடமே ஓடி வந்தது இது ஒன்றுதான். இதையும் துண்டில் சுற்றி அனுப்புவதா?

பட்டறை வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். கையில் ரொட்டித் துண்டு. குட்டி கோட்டை நெருங்கும்போது நிலையத்துக் குரலில் சொல்வாள்: நில், நில், நில். நின்றால் ரொட்டி. பத்தே நாளில் கோடு கிழித்த இடத்தில் நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர் சொன்னால் மட்டும் அது கல்லில் விழுந்த மழைதான். நில் என்பார். குட்டி கோட்டைத் தாண்டி, வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்து அவர் முகத்தைப் பார்க்கும். அவர் தூக்கி வெளியே விடுவார். உங்கள் குரலில் ஈரமே இல்லை, அது எப்படிக் கேட்கும் என்று அவள் குறைபட்டாள். உன்னை மட்டும்தான் மதிக்கிறது என்று அவர் முடித்துக்கொண்டார். அடியாத மாடு படியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னதற்கு, மாடு வாங்கினால் சொல்லியனுப்புகிறேன் என்றாள்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை, கழுத்தில் விசிலோடு பிறந்தவள் என்று அண்ணனே சொல்வார். அண்ணி கண்கலங்க, ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூட்டிப்போ என்று வித்தையைக் காட்டினாள். நில், நில், நில். குட்டி நின்றது. நாத்தனார் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, இன்னொரு தடவை. ஆனா ரெண்டோட நிறுத்திக்குங்க."

இரண்டோடு நிறுத்தினாள். பொட்டலம் கோட்டின் மேல் ஒரு காலை வைத்து, ஒரு காதைத் தூக்கி, மிச்சம் எங்கே என்பதுபோல் அவளைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் தாண்டிப் போயிற்று.

"அது எண்ணுது அண்ணி. ஓட்டப்பந்தயத்துல ஒன்னு, ரெண்டுன்னு சொன்னா எந்தப் பிள்ளையாவது ஓடுமா? மூணுக்குத்தான் ஓடும். இதுக்கு முதல் ரெண்டு நில்லும் சும்மா ஒப்புக்கு. மூணாவதுதான் நில். குட்டி நல்லாத்தான் படிச்சிருக்கு. டீச்சர்தான் இப்படி."

பட்டறைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவள் முகம் சிவந்துபோயிற்று. அண்ணன் வெளியே வந்து, சொன்ன நாள் முடிந்ததே என்று இழுத்தார். நாத்தனார் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"திருத்த வேண்டியது அண்ணியைத்தான். அவங்களையா நான் கூட்டிட்டுப் போறது? அடுத்த ஞாயித்துக்கிழமை வரேண்ணே."

அந்த வாரம் பாடம் படித்தது குட்டி அல்ல. ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது அவளுக்கு முடியாத காரியமாக இருந்தது. அவள் வேலையில் பேச்சுக்குப் பிறகு மௌனம் என்றால் மைக் செத்துப்போயிற்று என்று அர்த்தம். யாருக்கும் கேட்கவில்லை, யாரோ வண்டியைத் தவறவிடப் போகிறார்கள் என்று அர்த்தம். நில் என்று சொன்னதும் அந்த மௌனம் கூடம் முழுக்கப் பரவும். அதற்குள் பெட்டியும் குழந்தையுமாக ஒரு பெருங்கூட்டம் அசையாமல் நின்று தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். கண்ணாடியை வைரமுனை கீறும் மெல்லிய சத்தம் கேட்கும். குட்டியின் நகங்கள் தரையில் தட்டிப் போகும். கோட்டைத் தாண்டிவிடும். அவள் ஒன்றும் பேசாமல் அதை இரண்டு கையாலும் தூக்கி, கோட்டுக்கு இப்பால் வைப்பாள். ரொட்டி கிடையாது. இருவரும் ஏமாற்றத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தூக்கத்தில் கண்ணாடியாலான நடைமேடை ஒன்று வந்தது. வெளிச்சமே பெட்டி பெட்டியாகக் கோத்த ஒரு வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அதன் கடைசிப் பெட்டியைத் துரத்திக்கொண்டு பொட்டலம் ஓடியது. கூப்பிட வாய் திறந்தால் ஒரு சொல்தான் இருந்தது. அதைச் செலவழிக்கப் பயந்து முழித்துக்கொண்டாள்.

புதன்கிழமை நிலையத்திலேயே பழக்கம் தவறியது. வடக்கே போகும் வண்டியை ஒரே தடவை அறிவித்துவிட்டு அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். நிலைய அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். யாராவது வண்டியைத் தவறவிட்டார்களா என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். யாருமில்லை.

அன்றைக்கு மதியம் அவள் சொன்ன நில் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அவசரமில்லாமல், கேட்கும் என்ற நம்பிக்கையோடு. பொட்டலம் கோட்டின் மேல் தயங்கியது. வெள்ளிக்கிழமை பாதிக்குப் பாதி நின்றது. சனிக்கிழமை ஒரேயடியாக எல்லாவற்றையும் மறந்துவிட்டு, அவருடைய செருப்பைக் கடித்துக்கொண்டு பட்டறைக்குள் ஊர்வலம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இன்னும் வரவில்லை. பெரிய படம் ஒன்றுக்கு அவர் அப்போதுதான் கண்ணாடியை அளவுக்கு அறுத்திருந்தார். ஓரத்துச் சில்லுகள் இன்னும் தரையில் கிடந்தன. ஆள் உயரக் கண்ணாடியை மார்போடு அணைத்து அவர் மேசையை நோக்கித் திரும்பியதும், அத்தனை வெயிலும் அதில் விழுந்து கூடத்துக்குள் பாய் விரித்தது. சுவர், கூரை, சோபா, அவள் புடவை, எல்லாம் ஒரு கணம் தண்ணீருக்குள் இருந்தன. அவள் தூங்குகிறாளா முழித்திருக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளிச்சம் சுருண்டு தரைக்கு இறங்கிப் பட்டறை வாசலை நோக்கி ஓடியது. பொட்டலம் எழுந்து பாய்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்குத் தன் காலடி தெரியவில்லை.

"நில்."

ஒன்றுதான் சொன்னாள். இரண்டாவது பல் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மௌனம் வந்தது. இந்தத் தடவை அதற்குள் கூட்டம் எதுவும் இல்லை, ஒரு குட்டி மட்டும் இருந்தது. அதன் முன்னங்கால் கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வெளிச்சம் தனியாக உள்ளே போய், சில்லுகளின் மேல் மின்னி, அவர் சட்டையில் ஏறியது. குட்டி அதைப் பார்த்தது. திரும்பி அவளைப் பார்த்தது. காலை மெதுவாக இந்தப் பக்கமே இறக்கி வைத்தது.

அவரும் அசையவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவரும் சேர்ந்து நின்றுவிட்டிருந்தார். மூச்சு விட்டபோது கண்ணாடியில் அவர் வாயருகே ஒரு மங்கல் வட்டம் பூத்து மறைந்தது.

அவள் எழுந்து போய்க் கோட்டுக்கருகில் தரையிலேயே உட்கார்ந்தாள். ரொட்டி எடுத்துவர மறந்துவிட்டாள். பொட்டலம் அதைப் பொருட்படுத்தாமல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. அவர் கண்ணாடியை மேசையில் படுக்கவைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துச் சில்லுகளைக் கூட்ட ஆரம்பித்தார். தெருவாசலில் அழைப்பு மணி அடித்தது. அவள் பயந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கூட்டுவதை நிறுத்தாமல், கதவுப் பக்கம் தலையைத் திருப்பித் தங்கைக்குக் கேட்கும்படி சொன்னார்:

"கதவு திறந்துதான் இருக்கு, வா. டீ குடிச்சிட்டு நீ மட்டும் போ."