துரை பங்களாத் தரைக்கு வந்த அஜீரணம்

கந்தப்பளைக்கு மேலே, கல்லுமேட்டுத் தோட்டத்துத் துரை பங்களாவில், சாப்பாட்டறைத் தரை 1953ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு முதல் தடவையாக ஏப்பம் விட்டது. அன்று மழை ஒன்றரை அங்குலம். ஏப்பத்தில் வந்தது 1897இல் வறுத்த வான்கோழியின் வாடை. பழைய விருந்துப் பட்டியல்கள் அலுமாரியில் இருந்தபடியால் ஆண்டு சரியாகத் தெரிந்தது. மறுநாள் மாட்டு நாக்கு. அதற்கு மறுநாள், ஒரு கிறிஸ்மஸ் அன்று யாரோ ஒரு துரைசாணி எடுத்த வாந்தி, சுருட்டுப் புகையோடு. அந்த வாரத்துக்குள் பலகைகள் வெயிலில் போட்ட கருவாடு போல ஓரம் சுருண்டு எழும்பின. மேசை சாய்ந்து, சூப் துரையின் மடியில் இறங்கியது.

தோட்டத்து ஆசாரி முத்துலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் தட்டிப் பார்த்தார், குப்புறப் படுத்து இடுக்கில் மூக்கை வைத்தார், ஒரு பலகையை நெம்பித் தூக்கினார். பிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தரைக்குக் கீழே, அறுபது வருஷமாகச் சமையல்கார அப்புமார் இடுக்கு வழியாகத் தள்ளிவிட்ட எலும்பும், நாய் மயிரும், சுருட்டுக் கட்டையும், துரைமார் வெட்டிப்போட்ட நகமும் கூழாகக் கரைந்து, மேலே வெள்ளைப் பூஞ்சணம் பூத்து, மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துச் சனம் குளிக்கவில்லை என்று மூக்கைப் பிடிக்கிற வீடு அது.

"மேல மெழுகு போட்டுக் கண்ணாடியாட்டம் வச்சிருக்காங்க. கீழ பன்னிகூட வாய் வைக்காது" என்று மனைவி காளியாயியிடம் சொல்லிவிட்டு, முத்துலிங்கம் வாசலுக்குப் போய்த் துப்பினார்.

காரணம் கண்டுபிடிக்க அவருக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. காற்றோடுவதற்காக அஸ்திவாரத்தில் பதினேழு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். லயத்து அடுப்பு வாடை அவ்வழியாக வருகிறதென்று 1949இல் துரை எல்லாவற்றையும் சீமெந்தால் அடைக்கச் சொன்னார்.

"தொரெ, தரைக்கு மூச்சு முட்டுதுங்க. ஓட்டயத் தொறந்து விட்டாக்க அடங்கிருங்க."

"லயம் நாத்தம் வேணாம். பலகை மாத்து" என்றார் துரை.

மாற்றினார். மர்சூக் முதலாளியின் மரக்கடையிலிருந்து லொறியில் வந்த பலகைகள் ஒரு மாதம் ஒழுங்காகப் படுத்திருந்துவிட்டு அவையும் ஏப்பம் விட்டன. புதுப் பலகைக்குப் பழைய விருந்து எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. 1958க்குள் மூன்று தரை போட்டாயிற்று. "என்னா ஆசாரி, அது தரையா, மசக்கைக்காரியா?" என்று மர்சூக் முதலாளி கேட்டார். கழற்றிய பலகையை விறகாக எரித்ததில் காளியாயியின் சோற்றில் மாட்டு நாக்கு மணத்தது. "இத எங்க ஒலையில வேக வைக்கவா நான் பொறந்தேன்? ஒம் பலகையும் நீயும்!" என்று பானையோடு சோற்றைச் சாக்கடைக் கானில் கொட்டினாள்.

1959 சித்திரையில், கொழும்பிலிருந்து பெரிய துரை தோட்டம் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. அதற்குள் தரை படுக்காவிட்டால் ஆசாரிக்குப் பத்துச்சீட்டு என்றார் துரை. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் வேலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. இலங்கையும் இந்தியாவும் நம் ஆள் இல்லை என்று சொல்லிவிட்ட காலம், வேறு போக்கிடமும் இல்லை.

"கீழ அசிங்கத்த வச்சிக்கிட்டு மேல மேல பலகை போட்டா எப்படிய்யா? வழிச்சுப் போட்டு மெழுகுவோம் வா" என்றாள் காளியாயி.

துரை குதிரைப் பந்தயத்துக்கு நுவரெலியா போன மூன்று நாளில், இருவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தரைக்கடியில் நுழைந்து நாற்பது கூடை வழித்தார்கள். காளியாயி இரண்டு தடவை வெளியே ஓடி ஓங்கரித்துவிட்டு வந்து, அந்த மண்ணைத் தன் வீட்டை வெள்ளிக்கிழமை மெழுகுகிற மாதிரியே சாணியால் மெழுகினாள். முத்துலிங்கம் பதினேழு ஓட்டைகளையும் உளியால் உடைத்துத் திறந்தார். தரை நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. சுவரோரத்து ரோசாச் செடிகள் உள்பக்கமாக வளைந்தன. பலகைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நடுவில் வைத்த கோலிக்குண்டு உருளவில்லை.

துரை திரும்பி வந்த அன்று மாலை ஆறு மணிக்குத் தரை ஏப்பம் விட்டது. ரொட்டி, கட்டச் சம்பல், கருவாடு, ஈர விறகுப் புகை. லயத்தில் காளியாயி சட்டிபானையைச் சாக்கில் கட்டிவிட்டாள்.

"என்ன நாத்தம், ஆசாரி?"

"இன்னைக்கு நாங்க திங்கிறதுங்க தொரெ. அடைச்சிரவாங்களா?"

துரை மட்டமாகப் படுத்திருந்த தரையைப் பார்த்தார். தட்டில் ஆடாமல் நின்ற சூப்பைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்."

காளியாயி சாக்கை அவிழ்த்தாள். பெரிய துரை வந்து, இருமிக்கொண்டே, தரை நன்று என்று எழுதிவிட்டுப் போனார்.

1964இல் பொறுப்பேற்ற புதுத் துரை கொழும்புக்காரர். பங்களாச் சாமான் பட்டியலில் கதிரை பன்னிரண்டு, பியானோ ஒன்று, மூக்குக் கிளிப் ஆறு என்றிருந்ததை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். மாலை ஆறானதும் கிளிப்பை மாட்டிக்கொண்டு சூப்பைக் கேட்டார். தரையை மட்டம் பார்க்க வந்திருந்த முத்துலிங்கம் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினார். பூசணிக்காய். அடிப்பிடித்திருந்தது. வீட்டுக்குப் போனதும் காளியாயியைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.