பானெட்டைத் தூக்காதே

சீட் தைக்க வேண்டிய கறுப்பு நூலை வாங்கிக்கொண்டு அவள் பட்டறைக்குத் திரும்பியபோது, கார் நின்ற இடம் காலியாக இருந்தது.

அறுபது வருஷத்துப் பழைய நீலக் கார். ஒரு பல் டாக்டருடையது. எட்டு மாதமாக அவளும் கொழுந்தனும் அதைப் புதுசாக்க மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். எஞ்சின், தகரம், பெயின்ட் எல்லாம் அவன் பொறுப்பு. சீட், கூரைத்துணி, தரைவிரிப்பு அவள் பொறுப்பு. வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். முப்பத்தெட்டு வயதாகியும் அந்தப் பெயரும் போகவில்லை, அவசரமும் போகவில்லை.

பானெட்டின் உள்பக்கம் ஒட்டும் இன்சுலேஷன் யார் வேலை என்று காலையில்தான் இருவருக்கும் வாய்த்தகராறு. விரல் தடிமனில் ஒரு பஞ்சு விரிப்பு அது. ஒரு முகத்தில் வெள்ளித்தாள். எஞ்சின் சூடு மேலே ஏறிப் பெயின்ட்டைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும்.

"துணி மாதிரி இருக்கிறதெல்லாம் உங்க வேலை ஆயிடுமா அண்ணி? பானெட் என்னோடது" என்றான் அவன்.

"உன்னோடதாவே இருக்கட்டும். பிசுக்கைச் சுத்தமாத் துடைச்சுட்டு ஒட்டு. ஒரு நாள் காய விடு. அதுக்குள்ள வண்டியை எடுத்துடாதே."

"சரி, சரி."

அவன் இரண்டு முறை சரி சொன்னால் ஒன்றும் காதில் ஏறவில்லை என்று அர்த்தம்.

இப்போது மேஜையைப் பார்த்தாள். சூடு தாங்கும் பசை டப்பா சீல்கூட உடையாமல் இருந்தது. பக்கத்தில், அவள் சீட் பஞ்சுக்குப் பூசும் சாதாரணப் பசை திறந்து கிடந்தது. கொஞ்சம் சூடு பட்டாலே இளகிவிடும். நெருப்பென்றால் உடனே பற்றிக்கொள்ளும். விரிப்பைப் பானெட்டோடு பிடித்து வைக்கும் பன்னிரண்டு கிளிப்பும் பொட்டலத்திலேயே இருந்தன. விரிப்பு நாலு விரல் பெரிதாக வந்திருந்தது. ஆனால் கத்தரித்த துண்டு ஒன்றுகூடத் தரையில் இல்லை.

"அம்மாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னு இப்பத்தான் கிளம்பினாரு. ரயில்வே கேட் பக்கம்" என்றார் அடுத்த கடை வெல்டர்.

போன் செய்தாள். அவன் போன் மேஜை மேலேயே அலறியது.

சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கி, ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு விரட்டினாள். கார் ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று உள்ளே புகுந்து சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். நின்றுவிட்டால்தான் ஆபத்து. கேட் திறந்திருக்க வேண்டுமே என்று நினைக்கும்போதே தூரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது.

வரிசையில் ஏழாவதாக நின்றது நீலக் கார். பானெட் இடுக்கிலிருந்து நூல் போலப் புகை. சின்னவன் எஞ்சினை நிறுத்திவிட்டு முன்னால் வந்து, பானெட்டுக்கு அடியில் கையைக் கொடுத்திருந்தான்.

"டேய் சின்னவா, தூக்காதே! பானெட்டைத் தூக்காதே!"

இத்தனை வருஷத்தில் அண்ணி அவனை 'டேய்' என்றதில்லை. அப்படியே கல்லாய் நின்றான்.

"தண்ணிதான் கொதிக்குது அண்ணி, திறந்து விட்டா..."

"பஞ்சு எரியுது! காத்து பட்டா குப்புன்னு பிடிச்சுக்கும். முதல்ல அத்தையை இறக்கு!"

மாமியார் பின்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "கேட்டு திறந்தா போகப்போறோம். நான் எதுக்கு வெயில்ல நிக்கணும்?"

"அத்தை, உங்க கால்ல விழறேன், இறங்குங்க."

"விழறதா இருந்தா வீட்ல வந்து விழு."

சின்னவன் பேச்சு வளர்க்கவில்லை. தாயை அப்படியே அள்ளித் தூக்கினான். "விடுடா, எல்லாரும் பாக்கறாங்க!" என்று அவன் முதுகில் அவள் குத்தக் குத்த, சாலையோரம் கொண்டுபோய் இறக்கினான்.

அதற்குள் புகை கறுத்துவிட்டது. பாதி திறந்து கொக்கியில் நின்ற பானெட்டுக்கும் காருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதற்குள் செம்மஞ்சளாய் ஏதோ துடித்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே பின்வாங்கின. சிலிண்டரின் பூட்டு ஊசியை இழுத்தாள். வியர்த்த விரல் வழுக்கியது. மறுபடி இழுத்தாள், அசையவில்லை. ஓடி வந்த சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு திருகிப் பிடுங்கினான். அவள் குழாய் முனையை இடுக்கில் செருகி அழுத்தினாள்.

வெண்பொடி நாலாபக்கமும் பீய்ச்சியடித்தது. ரயில் தடதடவென்று கடந்து போனது. இடுக்கில் துடித்த செம்மஞ்சள் அடங்கியது.

தகரம் ஆறி, புறங்கையை வைக்க முடிந்த பிறகுதான் திறக்க விட்டாள். விரிப்பு முன்விளிம்பில் பெயர்ந்து, புகைபோக்கிக் குழாய்மேல் தொங்கிக் கருகியிருந்தது. ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் குழாய். அதன் தோல் கொப்புளித்திருந்தது.

அதைப் பார்த்ததும் சின்னவன் தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பசைன்னா பசைதானேன்னு நினைச்சேன். அம்மா உள்ள இருந்தாங்க அண்ணி."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரு. வண்டியைத் தள்ளணும்."

பானெட்டின் நடுவில் தட்டு அகலத்துக்குப் பெயின்ட் வெந்திருந்தது. டாக்டருக்குச் சின்னவனே போன் செய்தான். "தப்பு என்னோடது சார்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். டாக்டர், "அம்மா நல்லா இருக்காங்களா? அப்ப நிதானமா முடிங்க" என்றார்.

பெட்ரோல் குழாயை மாற்றினான். வெந்த இடத்தைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, அது இறுகப் பத்து நாள் விட்டார்கள். அவள் காகிதத்தில் அச்சு வெட்டி, கீலும் பூட்டும் உரசாதபடி விளிம்பைக் குறைத்தாள். அவன் பிசுக்கை மூன்று முறை துடைத்தான். பானெட்டிலும் விரிப்பிலும் சூடு தாங்கும் பசையைத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும், வெள்ளித்தாள் எஞ்சினைப் பார்க்கும்படி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போனார்கள். பன்னிரண்டு கிளிப்பும் ஏறின.

மறுநாள் முழுக்கக் காரை யாரும் தொடவில்லை. அதற்கடுத்த நாள் பட்டறை வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். அணைத்துத் திறந்ததும், அவள் விளிம்பு நெடுக நகத்தால் நெம்பிப் பார்த்தாள். எங்கும் பெயரவில்லை.

"அம்மா, ஒரு ரவுண்டு வரீங்களா?" என்றான் சின்னவன்.

"முதல்ல நீ போயிட்டு உருப்படியாத் திரும்பி வா" என்றாள் மாமியார்.