பொது அறிவும் பத்தாவது கேள்வியும்

கண்ணாடிக் கடைச் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனைப் பலகை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கேள்விகளுக்கு விடை காட்டத் தொடங்கியது. முழு விடை அல்ல. விடையின் முதலெழுத்துகள் மட்டும். பலகையைக் குற்றம் சொல்லக் கூடாது, எல்லாம் கடைக்காரரின் பழக்கதோஷம் என்று பக்கத்து சலூன்காரர் இன்றைக்கும் சொல்கிறார். கடைக்காரருக்கு ஊருக்குள் பொது அறிவு என்றுதான் பெயர். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்கு முதலெழுத்துகளை மட்டும் குறிப்பாகக் கொடுக்கும் போட்டி ஒன்று வரும். அதற்கு ஒரு வாரம்கூட விடாமல் விடை அனுப்பி, ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதவர் அவர். கடையிலும் அதே கச்சேரிதான். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்து, சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டே, "உலகத்துலயே பெரிய பாலூட்டி எது, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். யோசிக்கிற மனிதன் தலையை ஆட்ட மாட்டான் என்பது அவருடைய தொழில் நுணுக்கம்.

அன்று இதே பாலூட்டிக் கேள்வியோடு நாற்காலியில் இருந்த வங்கிக் காசாளர் மேல்வரிசையைப் பார்த்து "நீ, தி" என்று படித்தார். அந்த இடத்தில் பல வருஷமாக இருந்தது 'ட'வும் 'ப'வும். பலகைக்கு முதுகைக் காட்டி நின்ற பொது அறிவு, ஐயோ பாவம், இவ்வளவு மோசமான பார்வையோடு இந்த மனிதர் எப்படிப் பணத்தை எண்ணுகிறார் என்று பரிதாபப்பட்டு, கெட்டியான கண்ணாடி ஒன்றை எழுதிக் கொடுத்தார். அடுத்து வந்த தபால்காரருக்கும் அதே கதி. அவர் ஒரு மாதம் வரை எதிர்வீட்டுக் கடிதங்களைப் பக்கத்து வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதாக வந்த பெண்மணியிடம், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது எது என்று கேட்டபோது, அவர் பலகையைப் பார்த்து "ஹீ" என்று படித்தார். கண் பலகையில் 'ஹீ' எப்போதுமே இருந்ததில்லை. பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி சத்தம் கேட்டு வெளியே வந்து, "என்னங்க, பலகை மாறியிருக்கே" என்றார். பொது அறிவு திரும்பிப் பார்த்தார். பலகை மாறியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "ஹீமோகுளோபின்!" என்று கத்தினார், பரிசு விழுந்தவர் மாதிரி.

செய்தி மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டால் போதும், அந்த அறையில் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பலகையில் எழுத்து மாறும். பெரிய விஷயமென்றால் மேல்வரிசையில் பெரிதாக, அற்ப விஷயமென்றால் கடைசி வரிசையில் பொடியாக. ஒருநாள் நகராட்சி ஆய்வாளர் வந்து பலகையைக் கழற்றிப் பின்பக்கம் தடவிப் பார்த்தார். ஒயர் இல்லை. ஒயர் இல்லாததால் இது மின்சாரக் கோளாறு அல்ல என்று முடிவு சொல்லிவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, தன் பதவி உயர்வு பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு, சிரித்த முகமாகப் போனார். பேக்கரிக்காரர், தன் கடையில் தினமும் ஒரு ரொட்டி காணாமல் போவதற்கு யார் காரணம் என்று கேட்டார். 'உ. ம.' என்று வந்தது. உங்கள் மனைவி, மகன், மகள், மருமகன், மருமகள், மச்சான், மச்சினி என்று குடும்பமே சந்தேக வளையத்துக்குள் வந்து, ஆறு வாரம் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. கடைசியில் அது 'உங்கள் மறதி' என்று தெரிந்தது. காலையில் எண்ணுவதற்கு முன்னால் ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு எண்ணுவது அவருடைய வழக்கம்.

இத்தனைக்கும் நடுவில் பொது அறிவுக்குத் தலை கால் புரியவில்லை. பலகை எழுத்தைக் காட்டும், அவர் விடையை அவிழ்ப்பார். மலைகள், நதிகள், தனிமங்கள், தலைநகரங்கள். அவர் மனைவி மட்டும் பலகை பக்கமே வராமல் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, தவறான கண்ணாடிகளைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டிருந்தார். சாப்பிட வரும் கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "மங்கோலியாவோட தலைநகரம்?" என்பார். "சாப்பிடுங்க" என்று விடை வரும். "தப்பு" என்பார்.

ஒரு வியாழக்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடியால் மறைத்துக்கொண்டார்.

"நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் என்னவா ஆகணும்னு ஆசைப்பட்டேன்?"

பலகையில் 'ப. ஓ.' வந்தது. பொது அறிவு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"பன்னாட்டு ஓவியர்!"

"பஸ் ஓட்டுநர். கல்யாணமான வாரமே சொன்னேன். சரி, எனக்கு எதைக் கண்டா பயம்?"

'லி' என்று ஒற்றை எழுத்து, மேல்வரிசையில், பெரிதாக.

"லித்தியம். அணு எண் மூணு."

"லித்தியத்தைக் கண்டு எவளாவது பயப்படுவாளா? லிஃப்ட்டுங்க. நாலாவது மாடியில இருக்கற நம்ம வீட்டுக்குத் தினமும் படியேறிப் போறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"உடற்பயிற்சின்னு."

மனைவி மூடியை மறுகண்ணுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "இன்னைக்குக் காலையில உங்ககிட்ட என்ன சொன்னேன்?" என்றார். பலகையில் 'அ. வீ. போ.' வந்தது. பொது அறிவு கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். அண்டார்டிகாவில் வீசும் போக்கா? அரேபிய வீரர்கள் போரா? நெற்றியைத் தட்டிக்கொண்டும், விரலை மடக்கிக்கொண்டும், அட்லாண்டிக் கரைகளை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டும் அவர் நின்றபோது, மனைவி இறங்கிப் போனார், வீட்டுக்குப் படியேறினார், பையில் துணியை எடுத்து வைத்தார், படியிறங்கினார், கடை வாசலைத் தாண்டி பஸ் ஏறினார். சாயங்காலம் கடையைச் சாத்தும்போதுதான் விடை பிடிபட்டது. அண்ணன் வீட்டுக்குப் போறேன். பலகையைப் பார்த்து, "கண்டுபிடிச்சுட்டேன்!" என்றார். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

அந்த அண்ணன் கால்பந்து நடுவர். விசில் கழுத்தில் இல்லாமல் அவரை அவருடைய சொந்த மனைவிகூடப் பார்த்ததில்லை. மறுநாள் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, தங்கச்சி முடிவா சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை இங்க வாங்க. பத்துக் கேள்வி கேப்பா, எல்லாம் அவளைப் பத்தி. பத்தும் சரியா இருந்தா கூட வருவா. ஒண்ணு தப்பினாலும் இங்கேயே இருந்துடுவா. நான்தான் நடுவர்."

"முதலெழுத்து உண்டா மச்சான்?"

போனுக்குள் விசில் சத்தம் காதைப் பிளந்தது. முதலெழுத்து கிடையாது என்று அதற்கு அர்த்தம்.

மனைவி இல்லாத கடை இரண்டே நாளில் கந்தலாகிவிட்டது. லென்ஸைச் சட்டத்தில் பொருத்தத் தெரியாமல் இடதை வலதில் போட்டார். வந்த ஒருவர், உலகம் சாய்ந்திருக்கிறது என்று புகார் சொன்னார். வீட்டில், இத்தனை காலம் தானாகவே நிரம்பிக்கொண்டிருந்ததாக அவர் நம்பிய தண்ணீர்ப் பானை காலியாகவே கிடந்தது. ஆனால் துக்கத்திலும் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். போட்டிக்குத் தயாராவது. கடையை மூடிவிட்டு நாற்காலியில் தானே உட்கார்ந்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, அவளுக்குப் பிடித்த நிறம் எது, அவள் படித்த பள்ளிக்கூடம் எது, அவளுக்குப் பல் வலித்தது எந்தப் பக்கம் என்று பலகையைக் குடைந்தார். வந்த எழுத்துகளைச் சுமந்துகொண்டு சலூன்காரரிடம், செருப்புக் கடையில், பல் மருத்துவரிடம், அவள் தோழியான நூலகரிடம் என்று அலைந்து விடையை உறுதி செய்தார். செருப்பு அளவு, ரத்த வகை, தும்மினால் வரிசையாக மூன்று தும்மல் என்பதுவரை மனப்பாடம். நூலகர், "இதையெல்லாம் அவகிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார். "போட்டி விதிப்படி அது செல்லாதும்மா" என்றார் பொது அறிவு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. நடுவர் கறுப்புச் சட்டையில் நின்றார். விசில் ஊதியதும் மனைவி கேட்க ஆரம்பித்தார். நிறம்? கிளிப்பச்சை. பள்ளிக்கூடம்? சொன்னார். ரத்த வகை? சொன்னார். ஏழாவது கேள்விக்கு ஒரு நொடி தடுமாறி, "ஒரே ஒரு முதலெழுத்து..." என்று இழுத்ததற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். ஆனாலும் விடை வந்துவிட்டது. ஒன்பதும் சரி. நடுவர் அண்ணனாக மாறி, "பரவாயில்லையே மாப்பிள்ளை" என்று முதுகில் தட்டினார். மனைவியின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"இதெல்லாம் என் பல் டாக்டருக்கும் தெரியும். பத்தாவது கேள்வி. இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி என்கிட்ட நீங்க கேட்ட கேள்வி ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

பொது அறிவு உடனே, "சாப்பாடு ரெடியா?" என்றார்.

விசில். "அது சாப்பாட்டைப் பத்தின கேள்வி மாப்பிள்ளை."

"சாவி எங்க?"

விசில். "அது சாவியைப் பத்தி."

"உலகத்துலயே நீளமான..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். உள்ளே எல்லா அலமாரிகளையும் திறந்து பார்த்தார். மலைகள் இருந்தன, தனிமங்கள் இருந்தன, தும்மல் கணக்குகூட இருந்தது. அது மட்டும் இல்லை. வாழ்நாளில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதவர், கையை மடியில் வைத்துக்கொண்டு, "இல்லை. நான் கேட்டதே இல்லை" என்றார்.

நடுவர் தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததாக ஊத வேண்டியதுதான். விசிலை வாயருகே கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, கைக்கடிகாரத்தைத் தட்டி, "கூடுதல் நேரம்" என்றார். அப்படி ஒன்று விதியில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பொது அறிவு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "லிஃப்ட்டுன்னா உனக்கு ஏன் பயம்?" என்றார். மனைவியைப் பற்றி மனைவியிடமே அவர் கேட்ட முதல் கேள்வி அது.

மனைவி பதில் சொன்னார். சிறுவயதில், பெரியப்பாவின் அலுவலகக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே அவர் தனியாக, இருட்டில். வெளியே நின்ற பெரியப்பா, குழந்தைக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கதவு இடுக்கு வழியாக ஒவ்வொரு நாட்டின் தலைநகரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாகச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்றார். குழந்தை சொல்லச் சொல்ல கதவு திறக்கவே இல்லை. "அன்னையிலிருந்து யாராவது தலைநகரம் கேட்டா எனக்கு மூச்சு முட்டும். நீங்க தட்டுக்கு முன்னால உக்காந்து தினமும் கேப்பீங்க."

"அப்புறம் ஏன் என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட?"

"முதல்ல பார்த்தன்னைக்கு நீங்க பயத்துல வாயையே திறக்கலை. எவ்வளவு அமைதியான மனுஷன்னு ஏமாந்துட்டேன்."

நடுவருக்குச் சிரிப்பு வந்து, வாயில் இருந்த விசில் தானாக ஊதிக்கொண்டது. பொது அறிவு இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அப்புறம் இன்னொன்று. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

அதே நேரத்தில், பூட்டிய கண்ணாடிக் கடைக்குள் பலகையில் எழுத்துகள் வரத் தொடங்கியதைக் கண்ணாடிக் கதவு வழியாக சலூன்காரர் பார்த்தார். இந்த முறை முதலெழுத்துகள் இல்லை. முழு வார்த்தைகள், முழு வாக்கியங்கள். பலகை நிரம்பியதும் எழுத்து சுவரில் இறங்கி, மூலை திரும்பி, தரையைக் கடந்து, கதவுக்கு அடியில் புகுந்து நடைபாதைக்கு வந்துவிட்டது. சாயங்கால பஸ்ஸில் கணவனும் மனைவியும் பையோடு வந்து இறங்கியபோது, சலூன்காரரும் பாதி முகம் மழித்த ஒரு வாடிக்கையாளரும் வாசலில் குனிந்து நின்றார்கள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா, லிஃப்ட் வரைக்கும்தான் படிச்சேன். அதுக்கப்புறம் மரியாதையா நிறுத்திட்டேன்" என்றார் சலூன்காரர்.

"நான் முழுக்கப் படிச்சேன். நல்லா இருந்தது" என்றார் பாதி முகம்.

மனைவி எழுத்துகளை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய், சாய்ந்த உலகத்துக்காரரின் கண்ணாடியை முதலில் கையில் எடுத்தார்.

அதன்பின் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஊராருக்குப் பலகை இப்போதும் முதலெழுத்துகள்தான் காட்டுகிறது. கணவர் கேட்டு மனைவி சொல்லும் பதில்கள் மட்டும், அவர்கள் எங்கிருந்து பேசினாலும், கடைச் சுவரில் முழுசாக வந்துவிடும். தண்ணீரில் போகாது, தேய்த்தாலும் போகாது. அதனால் வெள்ளையடிப்பவர் மாதம் ஒருமுறை வாளியோடு வந்து அடித்துவிட்டுப் போவார். வாடிக்கையான வேலை, அவருக்கும் ஆச்சரியம் எல்லாம் விட்டுப்போய்விட்டது. போன வாரம் வந்தவர், நான்கு சுவரும் நிரம்பி, எழுத்து விட்டத்தில் ஏறி, மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன சார் கேட்டீங்க இந்த வாட்டி?"

"ஒண்ணுமில்லைப்பா. எங்க அம்மாவைப் பத்தி அவ என்ன நினைக்கிறான்னு கேட்டேன்."

வெள்ளையடிப்பவர் தலையை ஆட்டிக்கொண்டு, பெரிய ஏணியையும் இன்னொரு வாளியையும் எடுத்துவரப் போனார்.