முதுகுநாணிகள் அறை

காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பேராசிரியை உட்பக்கக் கைப்பிடியைத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது.

விடுமுறை நாள். கல்லூரியின் தரைத்தளத்துக் கோடியில் இருந்த விலங்கியல் அறை அது. சுற்றிலும் குப்பிகள்: தவளை, பல்லி, வௌவால். தேர்வுக்கு நாலைந்தை எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று நாத்தனாரையும் கூட்டி வந்திருந்தார். கைபேசிகள் மாடியில் பையோடு கிடந்தன.

“தள்ளுங்க அண்ணி.” நாத்தனார் தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை, பக்கத்து அலமாரி ஆடியது. சுறாக்குட்டி இருந்த பெரிய குப்பி விழுந்து சிதறியது. உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஊசியாய் ஏறியது.

“இது ரொம்பக் கெடுதலா அண்ணி? வயித்துல இருந்தா?”

பேராசிரியை திரும்பினார். நாத்தனாரின் கை அடிவயிற்றில் இருந்தது.

“யாருக்கும் சொல்லல. போன தடவ ஊரெல்லாம் சொன்னேன். கலைஞ்சப்புறம் அதையும் ஊரெல்லாம் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

 பேராசிரியை மேசையை இழுத்து உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலுக்குக் கீழே போட்டார். அவளை ஏற்றிவிட்டு, அங்கிருந்த உலோகத் தட்டால் கண்ணாடியை உடைக்கச் சொன்னார். ஒரு முகம் மட்டுமே நுழையும் இடம். வெளியே ஆளரவமற்ற மைதானம். கீழே இவர் ஆய்வக வெள்ளைக் கோட்டுகளைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து நனைத்து, சிந்திய ஃபார்மலின்மேல் போட்டார். கண்கள் எரிந்து நீர் கொட்டியது.

கத்திக் கத்தி நாத்தனாருக்கு மூச்சு இரைத்தது. “ஏதாவது பேசுங்க அண்ணி. இந்தக் குப்பியில இருக்கிறதெல்லாம் என்னையே முறைக்குது.”

“அதெல்லாம் உன் பிள்ளைக்குச் சொந்தக்காரங்கதான். இப்போ அது ஒரு பயறு அளவுதான் இருக்கும். முதுகுல கயிறு மாதிரி மெல்லிசா ஒரு நாண். அதுக்கு மேல குழாய் மாதிரி நரம்பு. தொண்டைகிட்ட மடிப்பு மடிப்பா இருக்கும். மீனுக்கு அது செவுளாகும், நமக்குத் தாடையாவும் காதெலும்பாவும் மாறும். பின்னால ஒரு வால்.”

“வாலா!”

“உங்கண்ணனுக்கும் இருந்துச்சு.”

“அண்ணனுக்கு இன்னும் போகல அண்ணி.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பேராசிரியைக்கு இருமலாக மாறியது.

“அந்த நாண் அப்புறம் என்னாகும்?”

“முதுகெலும்பு வந்துரும். நாண்ல மிச்சம் கொஞ்சம் எலும்புகளுக்கு நடுவுல மெத்தையா தங்கும். கடல்ல இருந்தப்பவும் சரி, கரையேறினப்பவும் சரி, நம்ம வம்சம் அதைக் கைவிடல.” மறுபடி இருமல் வந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அண்ணி? மேல வாங்க அண்ணி!”

பேராசிரியையின் தலை சரிந்தது. அப்போதுதான் மைதானத்தின் ஓரத்தில் தோட்டக்காரர் போவது தெரிந்தது. நாத்தனார் அடிவயிற்றிலிருந்து அலறினாள்: “ஐயா! காப்பாத்துங்க! நான் பிள்ளைத்தாச்சி! எங்க அண்ணி மயங்கிட்டாங்க!”

தோட்டக்காரர் “பிள்ளைத்தாச்சி, பிள்ளைத்தாச்சி” என்று காவலாளியைக் கூவிக்கொண்டே ஓடினார். கதவை உடைப்பதற்குள் வளாகத்தில் இருந்த எல்லாருக்கும் சேதி போய்விட்டது.

மருத்துவமனையில் பேராசிரியை கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். நாத்தனார் ஸ்கேன் அறையிலிருந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“துடிக்குது அண்ணி. இப்போதைக்கு நல்லா இருக்காம். மறுபடி வந்து பாக்கச் சொன்னாங்க.”

பதறியடித்துக்கொண்டு அவள் அண்ணன் உள்ளே வந்தார். “என்ன ஆச்சு?”

“உட்காருண்ணா,” என்றாள் நாத்தனார். “நானே சொல்றேன்.”