மாப்பிள்ளை மறைத்த பட்டன்

அலுவலகத்தில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அந்த உரிமை எதிர் மேசைக்காரி ஒருத்திக்குத்தான் உண்டு. அவளுடைய தங்கையைத்தான் அவன் கட்டியிருந்தான். அவள் செயலிகளின் திரைகளை வடிவமைப்பாள், அவன் அதற்கு நிரல் எழுதுவான். நாள் முழுக்க அவள் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, முதலாளியே ஒரு கூட்டத்தில் "மாப்பிள்ளை, சர்வர் ஏன் படுத்துடுச்சு?" என்று கேட்டுவிட்டார். அதே கணக்கில் அவளும் அந்த மாடி முழுவதற்கும் அக்கா ஆகிப்போனாள்.

வீட்டில் இருவருக்கும் அப்படி ஒரு மரியாதை. அலுவலகத்தில் கீரியும் பாம்பும்.

அந்தச் சமயம் சண்டை ஒரு பட்டனைப் பற்றியது. மகப்பேறு மருத்துவமனை ஒன்றுக்காகச் செயலி செய்துகொண்டிருந்தார்கள். பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கானது. சாப்பாடு வரவழைக்க ஒரு பட்டன், நர்ஸிடம் பேச ஒரு பட்டன், கடைசியாக, 'குழந்தையைப் பார்க்க'. அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் கேமரா வழியாகக் குழந்தையைப் பார்க்கலாம், தாயோடு பேசலாம். ஆனால் குழந்தை பிறந்து, தாய் சரியென்று சொல்லி, நர்ஸ் திறந்துவிட்டால்தான் அது வேலை செய்யும். அதுவரை அந்தப் பட்டனை என்ன செய்வது?

"மங்கலாக் காட்டுவோம்," என்றாள் அக்கா. "இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே காத்திருப்பாங்க?"

"மறைச்சிடலாம்," என்றான் அவன். "பசியோட வந்தவன்கிட்ட பூட்டின சமையலறையைக் காட்டற மாதிரி இருக்கு அக்கா."

"காட்டாம விட்டா, இந்த வீட்ல சமையலறையே இல்லன்னு எழுந்து போயிடுவான் மாப்பிள்ளை!"

முதலாளிக்குப் பஞ்சாயத்து பண்ண நேரமில்லை. எது சுலபமோ அதைச் செய்யுங்கள் என்றார். மறைப்பது சுலபம். மறைத்தார்கள்.

செயலி பயன்பாட்டுக்கு வந்ததும் அக்கா மருத்துவமனைக்கே போய், காத்திருப்புக் கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். குழந்தையைப் போனிலேயே பார்க்கலாம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள், எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். "அவங்க போன்ல வருது, நம்ம போன்ல வரல. போன்ல கூடவா பாரபட்சம்?" என்று ஓர் அம்மாள் புருஷனைப் பிடித்துக்கொண்டார். ஆளாளுக்கு எழுந்து போய்க் கேட்டதில், பாவம், நர்ஸுக்கு மூச்சுவிட நேரமில்லை.

அக்கா வெற்றி முகத்தோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளை பட்டனை மங்கலாகக் கொண்டுவந்து வைத்தான்.

அடுத்த முறை இருவருமாகப் போனார்கள். இப்போது எல்லோருக்கும் பட்டன் தெரிந்தது, எல்லோரும் அதை அழுத்து அழுத்தென்று அழுத்தினார்கள். ஒரு பெரியவர் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்திவிட்டு, "வயசானவங்க விரல்னா இது மதிக்காது போல," என்று பேரனிடம் போனை நீட்டினார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றான் மாப்பிள்ளை.

"அப்ப கீழ ஒரு வரி போடுவோம். ஏன் இப்ப திறக்கலன்னு."

"வேண்டாம்."

"ஒரு வரிதானே? 'குழந்தை பிறந்ததும் திறக்கும்'. அவ்வளவுதான்."

"பிறக்கலன்னா?"

அவன் குரல் அவன் குரலாக இல்லை. அக்கா திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வருடம் தங்கைக்குக் கரு கலைந்தது அவளுக்குத் தெரியும். ஆறுதல் சொன்னவளே அவள்தான். தெரியாத ஒன்றை இப்போது அவன் சொன்னான். "அவ போன்ல ஒரு ஆப் வெச்சிருந்தா. எல்லாம் முடிஞ்சு போன அப்புறமும் அது வாராவாரம் எழுதும். உங்க குழந்தை இப்ப எலுமிச்சம்பழம் அளவு, இப்ப மாங்காய் அளவுன்னு. ஆப்பையே எடுத்தா ஏன்னு கேப்பான்னு, அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி நான் போனை எடுத்து அந்த மெசேஜை மட்டும் அழிச்சிடுவேன். ஒரு நாள் தூங்கிட்டேன் அக்கா. அவ பாத்துட்டா."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள், எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"திறக்காத பட்டனைப் பாத்துட்டு உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் மறைக்கணும்னேன்."

"சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை."

"ஆபீஸ் மீட்டிங்ல இதை எப்படிச் சொல்றது?"

இப்போது தங்கை மறுபடி நிறைமாதம். பிரசவம் பார்க்கப்போவதும் இதே மருத்துவமனையில்தான். அக்கா அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டையுமே செய்வோம்," என்றாள். "காத்திருக்கறவங்களுக்குக் காட்டுவோம். யாருக்குத் தேவையில்லாம போயிடுதோ, அவங்களுக்கு அது இருந்த தடமே தெரியக் கூடாது."

அந்த வாரம் முழுக்க இருவரும் சண்டையே போடவில்லை. மாடியே கலவரப்பட்டது. "உடம்பு சரியில்லையா ரெண்டு பேருக்கும்?" என்று முதலாளி வந்து விசாரித்தார். நர்ஸின் திரையில் ஒரே தொடலில் அந்தப் பட்டனும், அதற்கான இடமும், பின்னால் வரவிருந்த வாழ்த்துச் செய்திகளும் சேர்ந்து மறைகிற மாதிரி மாப்பிள்ளை எழுதினான். மற்றவர்களுக்கான அந்த ஒரு வரியை அக்கா எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அவனே சொன்னான்: "அம்மா இன்னும் பிரசவ அறையில் இருக்கிறார். திறந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்." எப்போது என்று வாக்குக் கொடுக்காத வரி. அதையே வைத்தார்கள். பட்டனை அழுத்தியவர்கள் அதைப் படித்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள்.

பிறகு ஒரு நாள், நல்ல மத்தியான மழையில், தங்கையிடமிருந்து போன் வந்தது. "பதறாதீங்க. ஆனா சீக்கிரம் வாங்க."

மாப்பிள்ளை பதறவில்லை. கணினியின் மவுஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனை மேசையில் விட்டுவிட்டு ஓடினான். அக்கா போனை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மருத்துவமனையில் தங்கையை உள்ளே அழைத்துப் போனதும் கூடத்தில் உட்கார்ந்தவன், முதல் வேலையாகப் பட்டனை அழுத்தினான்.

"மாப்பிள்ளை, அது மங்கலா இருக்கு."

"தெரியும்."

"நீங்க எழுதினதுதான்."

"தெரியும் அக்கா." மறுபடி அழுத்தினான். வரியைப் படித்தான். மூச்சை இழுத்து விட்டான். மறுபடி அழுத்தினான். சிரிக்கக் கூடாது என்று அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் விரட்டியதால், போனை பெஞ்சில் வைத்துவிட்டு டீ எடுத்துவரப் போனான். அப்போதுதான் போன் அதிர்ந்தது. பட்டன் பளிச்சென்று நீலமானது.

"மாப்பிள்ளை!"

அவள் போட்ட கூப்பாட்டில் கூடமே திரும்பியது. அவன் டீயைப் பாதி தரையிலும் பாதி தன்மேலும் கொட்டிக்கொண்டு ஓடிவந்தான். விரலை நீட்டினான், அது அந்தரத்திலேயே நின்றது.

"நீங்களே அழுத்துங்க அக்கா."

"நல்லா இருக்கே! பெத்த அப்பன் பாக்காம நான் பாக்கறதா?"

பக்கத்தில் காத்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் எழுந்து வந்தார். "யாராவது ஒருத்தர் அழுத்துங்கப்பா! எங்களாலேயே தாங்க முடியல!"

அழுத்தினான். திரை முழுக்க ஒரு சின்னச் சிவந்த முகம். கண்ணைத் திறக்காமல், கன்னத்தில் மூடிய கையை வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய விஷயத்தை யோசிக்கிற மாதிரி இருந்தது. திடீரென்று ஒரு தும்மல் போட்டது. கூடமே "அய்யோ!" என்று உருகியது.

"பொண்ணு," என்றது தங்கையின் குரல், களைத்துப்போய், சிரிப்போடு. "தெரியறாளா?"

"தெரியறா, தெரியறா," என்றான் அவன். கண்ணீர் மூக்கு வழியாகவெல்லாம் வந்தது.

"அக்கா எங்க? அழறாளா?"

"யாரு அழறா?" என்று அக்கா விக்கினாள்.

நர்ஸ் கதவைத் திறந்து, "இப்போதைக்கு ஒருத்தர் மட்டும் வாங்க," என்றார். இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். நர்ஸ் பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினார்.